செகுந்த் ஜேலு

சூரியகாந்தி விதையை முன்பல்லில் வைத்து ஒரு கடி. பருப்பு நாக்குக்கு, ஓடு கோட்டின் வலது பைக்கு. பயிற்சி முடியும்வரை ஜேலு ப்ருந்தாருவின் கையும் வாயும் இப்படி ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். துனெரியானா கால்பந்துக் கிளப்பின் மைதானத்தில் விதை தின்னாதவர் கிடையாது. ஆனால் மற்றவர்கள் ஓட்டைக் காலடியிலேயே துப்புவார்கள். ஆட்டம் முடிந்தால் கேலரிப் படிகளெல்லாம் கறுத்துக் கிடக்கும். கூட்ட வருகிற பெண் திட்டுகிற திட்டு ஆற்றங்கரைவரை கேட்கும். ஜேலு மட்டும் துப்பமாட்டார். பை நிறைந்ததும் குப்பைத் தொட்டிவரை நடந்துபோய்க் கவிழ்த்துவிட்டு, உள்துணியை உதறிச் சரிசெய்துகொண்டு திரும்பி வருவார்.

சுத்தமான மனுஷன் என்று சால்ச்சா ஊரே சொல்லும். தலைமைப் பயிற்சியாளர் திபேரியு ஹல்மஜானுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. தான் நின்ற இடத்தில் ஒரு விதை ஓட்டைக்கூட விட்டுவைக்காத ஆள் வேறு என்னென்ன தடயங்களை அழித்திருப்பானோ என்றுதான் அவன் புத்தி போயிற்று.

ஜேலுவின் வேலைக்கு இங்கே 'செகுந்த்' என்று பெயர். இரண்டாமவர். பயிற்சிக்குக் கூம்பு வைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, கோபித்துக்கொண்டு போன விளையாட்டுக்காரனை அவன் வீட்டுக்கே போய்க் குடல் சூப் குடித்துச் சமாதானப்படுத்தி அழைத்துவருவது எல்லாம் இரண்டாமவர் பாடு. முதலாமவருக்கு ஒரே ஒரு பாடுதான்: இரண்டாமவர் குழி பறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ருமேனியாவில் வேலை போன தலைமைப் பயிற்சியாளர் யாரை வேண்டுமானாலும் பிடித்து, கையில் ஒரு பிளம் சாராயத்தைக் கொடுத்துக் கேளுங்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசமாட்டார். "செகுந்த் பறிச்சான்" என்பார். அதற்குமேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை.

சால்ச்சாவில் முதலாமவர்கள் கோடையில் வந்து பனி விழுமுன் போய்விடுவார்கள். ஜேலு அவர்களில் ஒருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ஒருவர் விசில்காரர். இன்னொருவர் கஷாயக்காரர், இடைவேளையில் எல்லோருக்கும் மூலிகைத் தண்ணீர் கொடுத்தவர். மற்றொருவர் பாதி ஆட்டத்தில் கழிப்பறைக்குள் போய் மனைவிக்கு போன் செய்து யாரை மாற்றலாம் என்று கேட்டவர், அவர் வீட்டம்மாக்காரர். இந்தப் பட்டங்களைக் கேட்டுத் திபேரியுவும் முதல் மாதத்தில் வயிறு வலிக்கச் சிரித்தான். அப்புறம் ஒருநாள் லேப்டாப்பை மூடும்போது, தன்னையும் ஜேலு இப்போதே ஏதோ ஒரு பெயரில் வைத்திருப்பார் என்று உறைத்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

அதைவிட அவனை உறுத்தியது வேறொன்று. ஒவ்வொரு முதலாமவரும் ஒரு திங்கட்கிழமை காலையில் அனுப்பப்படுவார். அன்று மதியமே விசில் ஜேலுவின் கழுத்தில் தொங்கும். அந்த வாரம் அணி ஜெயிக்கும். முந்தின வாரம்வரை நொண்டிக்கொண்டிருந்தவர்கள் குதிரை மாதிரி ஓடுவார்கள். பிறகு புதியவர் வருவார். ஜேலு விசிலைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பழையபடி பந்துக்குக் காற்றடிக்கப் போய்விடுவார். இது எப்படி நடக்கிறது என்று அணித் தலைவன் ரூபெனிடம் திபேரியு பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தான். ரூபென் நல்ல பையன், சூது தெரியாதவன். "ஜேலு அண்ணன் நின்னா கால் தானா ஓடுது சார்" என்று சொல்லிவிட்டுக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். அந்தப் பதில் திபேரியுவின் நெஞ்சில் மீன்முள்ளாகத் தைத்து நின்றது.

பார்ப்பதற்கு ஜேலு பயப்படும்படியான ஆள் இல்லை. இரண்டு தடவை உடைந்து, எந்தப் பக்கம் போவது என்று முடிவுசெய்யாமல் நிற்கும் மூக்கு. இடது முழங்கால் மடங்கும்போதெல்லாம் பழைய கதவின் சத்தம். கூரைக்கு அடியிலும் கழற்றாத கிளப் தொப்பி. எது சொன்னாலும் "நீங்க சொன்னா சரிதான் சார்". வெயிலடிக்கும்போது மழை வருகிறது என்றாலும் அவருக்குச் சரிதான். பேசும்போது மட்டும் உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொள்வார். தலைநகரில் ஆடிய காலத்தில், டி.வி.க்காரர்கள் உதடசைவைப் படித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது. இந்த டிவிஷனுக்கு டி.வி. வருவதே இல்லை. காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்பதற்குக்கூட வாயை மூடிக்கொள்கிறவரிடம், கையை எடுத்துவிட்டுப் பேசுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அவர் ஆடிய கதை ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். துறைமுகக் கிரேன் ஓட்டுகிறவரின் மகன், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். தலைநகரத்துப் பெரிய கிளப் ஒன்று அவரைக் கேட்டபோது, கையில் காசில்லாத காலம் என்பதால் துனெரியானாவின் பஸ்சுக்கு ஒரு செட் டயர் அனுப்பி அழைத்துக்கொண்டது. டயருக்கு விலைபோனவன் என்று கேலி செய்தால் ஜேலுவுக்குக் கோபம் வராது. "புது டயரு. ரீட்ரெட் இல்ல" என்பார். தலைநகரில் அவருக்கு முன்னால் ஒருவன் இடது பக்கம் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காயமும் படவில்லை, காய்ச்சலும் வரவில்லை. ஜேலு பெஞ்சில் உட்கார்ந்தே வாலிபத்தைக் கழித்தார். பிறகு ஹங்கேரியில் கொஞ்சம், சைப்ரஸில் கொஞ்சம். முழங்கால் தளர்ந்ததும் சால்ச்சாவுக்குத் திரும்பித் துனெரியானாவுக்கே கொஞ்சகாலம் ஆடினார். கடைசியாகப் பூட்சைக் கழற்றிய வாரத்திலேயே செகுந்த் ஆகிவிட்டார். உண்மையில் அவர் தலைநகரிலேயே செகுந்த்தான், பெயர்தான் அப்போது வைக்கவில்லை என்று அவருடைய மனைவி சொல்வாள்.

கதையில் ஒரு இடத்தில் மட்டும் சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். ஜேலு ஆடிய கடைசி சீசன், கடைசி ஆட்டம், பக்கத்து ஊரான ப்ளோபுவுக்கு எதிராக. சமன் செய்தால் துனெரியானா டிவிஷனில் பிழைக்கும், ஜெயித்தால் ப்ளோபு பிழைக்கும். முடிகிற நேரத்தில் ஒரு பந்து ஜேலுவின் தலையில் பட்டுச் சொந்த வலைக்குள் போயிற்று. விற்றுவிட்டான் என்றது ஊர். அந்த இலையுதிர் காலத்தில் அவர் வீட்டுக்குப் புதுக் கூரை ஏறியதையும் ஊர் பார்த்தது. கூரை மாமனார் போட்டுக் கொடுத்தது என்கிறார்கள் சிலர். ஜேலுவைக் கேட்டால், "தலையில பட்டுச்சு. பந்து என்னைக் கேட்டா வந்துச்சு?" என்பதோடு சரி. கொஞ்சநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஊர் அப்புறம் மறந்துபோயிற்று. திபேரியு வெளியூர்க்காரன், மறக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

திங்கட்கிழமை மீன் வேறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜேலு டான்யூப் கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலையில் ஒரு கெண்டை மீன் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, அவருடைய அக்குளில் ஏறி, நகரமன்றத்தின் படிகளில் போகும். கிளப்புக்குப் படியளப்பது நகரமன்றம், அதாவது மேயர். தலைமைப் பயிற்சியாளரை வைப்பதும் நீக்குவதும் மேயரின் நாக்கில் இருக்கிறது. அந்த நாக்குக்குக் கெண்டை மீன் பிடிக்கும். மீனோடு சேர்த்து ஜேலு வேறு என்ன கொண்டுபோய்ப் பரிமாறுகிறார் என்பதுதான் திபேரியு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சன்னல் வழியாகப் பார்த்துக் கேட்டுக்கொண்ட கேள்வி.

சந்தேகப்படுவது திபேரியுவின் பிறவிக்குணம் இல்லை. ஏற்கெனவே இரண்டு ஊர்கள் அவனைத் துரத்திவிட்டன. மூன்றாவது ஊரும் துரத்தினால் அப்புறம் எந்தக் கிளப்பும் அவனைக் கூப்பிடாது. மாமனாரின் கதவு, சன்னல் விற்கும் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். நவம்பர் பிறப்பதற்குள் மூன்று தோல்வி வரிசையாக வந்துவிட்டது. சனிக்கிழமை ப்ளோபுவில் நடக்கும் ஆட்டம் நான்காவதாக ஆனால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பதைக் காப்பிக்கடைக்காரன்கூடச் சொல்லிவிட்டான். மனைவி மிரெலா தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டாள். "உன்னோட செகுந்த் உன்னைப் பாத்துச் சிரிக்கிறாரா?" ஆமாம் என்றான். "அப்ப பயப்படு."

வெள்ளிக்கிழமை பிற்பகல் திபேரியு மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தபோது, எதிரே நகரமன்றத்தின் படிகளில் ஜேலு இறங்கிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையும் இல்லை, அக்குளில் மீனும் இல்லை. திபேரியுவைக் கண்டதும் ஒரு படியில் நின்று, அப்புறம் நேராக அவனிடமே வந்தார்.

"வரி கட்டப் போனேன் சார்" என்றார், வாயை மறைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அந்தக் கட்டிடத்தில் வரி வாங்க ஈ காக்கை கிடையாது. திபேரியு தலையாட்டினான். குழி தயாராகிவிட்டது, அளவெடுத்து முடித்துவிட்டார்கள் என்பதில் அவனுக்கு இனிச் சந்தேகம் இல்லை. தெரியாதது, எப்போது தள்ளுவார் என்பது மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் பஸ் புறப்படும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஆற்றிலிருந்து எழும்பிய மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. ஓட்டுநர் பொம்பிலியு, ஜேலுவோடு ஒரே பள்ளியில் படித்தவன், கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்து ஓட்டினான். ப்ளோபுவுக்குள் நுழைகிற பாலத்தைப் பழுதுபார்க்கிறார்கள் என்று போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சுற்றிப் போனால் ஆட்டத்துக்குமுன் உடம்பைச் சூடாக்கக்கூட நேரம் இருக்காது. அப்போதுதான் ஜேலு எழுந்து முன்னால் வந்து, மாவு மில்லைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் மைதானத்தின் பின்வாசலுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்றார்.

எதிராளி மைதானத்தின் பின்வாசல் இவருக்கு எப்படித் தெரியும்? சொந்த வலைக்குள் போன அந்தப் பந்து திபேரியுவின் கண்முன் ஒருமுறை உருண்டுவிட்டுப் போயிற்று. ஆனால் பொம்பிலியு யாரையும் கேட்கவில்லை. ஜேலு சொன்னதும் திருப்பிவிட்டான்.

வழி மில்லைத் தாண்டிக் குறுகி, இரண்டு பக்கமும் வேலியாகி, ஒரு புதுக் கிடங்கின் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஜேலு சுவரையே பார்த்தார். "இங்க வழி இருந்துச்சே" என்று மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் பஸ் திரும்ப இடமில்லை; பின்னால்தான் போயாக வேண்டும்.

ருமேனியாவில் ஆட்டத்துக்குப் போகிற பஸ் பின்னால் போகக்கூடாது. எந்தக் கிளப்பிலும், எந்த டிவிஷனிலும். பின்னால் போகும் பஸ்சில் உட்கார்ந்திருப்பவனின் கால் அன்று பின்னால்தான் போகும், அவன் தொட்டது எதுவும் விளங்காது. அதற்காக ஓட்டுநர்கள் ஊரையே சுற்றிக்கொண்டு வருவார்கள். தப்பிக்க வழியே இல்லை என்றால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஓட்டுநர் மட்டும் சட்டைக்குள் மூன்று தரம் துப்பிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுப்பார். வண்டி நேரான பிறகு மறுபடி ஏறுவார்கள்.

திபேரியுவுக்கு இது தெரியாததில்லை. அவனும் இருபது வயதில் இப்படி இறங்கி நின்றவன்தான். ஆனால் இந்த ஊருக்கு வந்த முதல் நாளே, தன் அணியில் பில்லி சூனியத்துக்கு இடமில்லை என்று லேப்டாப்பைத் தட்டிச் சொல்லியிருந்தான். வெளியே ஈரக் குளிர், விளையாட்டுக்காரர்களின் தசை பிடித்துக்கொள்ளும் என்று ஒரு நல்ல காரணமும் இருந்தது. உண்மையான காரணம் வேறு. எல்லோருடைய கண்ணும் ஜேலுவின் மேல் இருந்ததை அவன் பார்த்துவிட்டான்.

"பின்னால எடுங்க" என்றான்.

பொம்பிலியு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "எல்லாரும் உள்ள இருக்காங்க சார்."

"தெரியுது. எடுங்க."

ரூபென் தன் இருக்கையில் பாதி எழுந்தான். தலைமைப் பயிற்சியாளரின் பக்கம் அவன் திரும்பவில்லை. "அண்ணே?" என்றான்.

ஜேலு தொப்பியை ஒருமுறை இறக்கிவிட்டுக்கொண்டார். முழங்கால் சத்தம் போட, நடுவழியில் நடந்துபோய்க் கதவைத் திறந்து இறங்கினார். ரூபென் பின்னாலேயே போனான். அப்புறம் கோல்கீப்பர், அப்புறம் மற்றவர்கள், தலையைக் குனிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒவ்வொருவராகத் திபேரியுவைத் தாண்டிப் போனார்கள். வயிற்றுக்கடுப்பு என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தவன்கூட ஓடி இறங்கினான். கடைசியில் பஸ்சில் இரண்டே பேர் மிஞ்சினார்கள்.

"நீங்களும் இறங்கிடுங்க சார்" என்றான் பொம்பிலியு. கெஞ்சுகிற குரல்தான். "எல்லாம் உங்க தலையில வந்து விடியும்."

"விடியட்டும்."

கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுத் திபேரியு வெளியே பார்த்தான். சுவரோரமாக அவன் அணி நனைந்துகொண்டு நின்றது. நடுவில் ஜேலு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு அழகாக முடித்துவிட்டார் என்று அவன் நினைத்தான். திங்கட்கிழமைவரை காத்திருக்கக்கூட இல்லை. ஒரு சுவரைக் காட்டினார், இறங்கினார், அணியே அவர் பின்னால் இறங்கிவிட்டது. தோல்வியின் பீடையையும் மொத்தமாக என் ஒருத்தன் மேல் கட்டிவிட்டார். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கதவு, சன்னல் கடையில் மாமனார் தனக்குக் காட்டப்போகும் நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

பொம்பிலியு சட்டைக் காலரை இழுத்து உள்ளே துப்பிக்கொண்டான். கியருக்குக் கையைக் கொண்டுபோனபோது கதவில் யாரோ தட்டினார்கள்.

ஜேலு ஏறினார். வெளியே ரூபென், வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணே என்று அவர் கோட்டைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அவர் கோட்டை விடுவித்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, நேராக வந்து திபேரியுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்மேல் ஈரக் கம்பளியின் வாடை அடித்தது.

"எதுக்கு வந்தீங்க?" என்றான் திபேரியு.

"இங்க ஆள் இருக்கே சார்."

"இந்த ரோட்டை வேணும்னே காட்டினீங்களா?"

"போன தடவ வந்தப்ப சுவரு இல்ல."

"போன தடவ எதுக்கு வந்தீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னால சார். மில்லுக்காரர் பொண்ணு ஒண்ணு இருந்தா" என்று சொல்லிவிட்டு, பொம்பிலியுவின் முதுகைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது என் வீட்டுக்காரிக்குத் தெரியாது."

எப்போதும்போலச் சிரித்து மழுப்புகிறார் என்றுதான் திபேரியுவுக்குத் தோன்றியது. இத்தனை நாள் கேட்காத கேள்வியை இப்போது கேட்காவிட்டால் இனிக் கேட்க வாய்ப்பே வராது.

"நேத்து மேயர் என்ன சொன்னாரு?"

வரி என்று சொல்லுவார் என எதிர்பார்த்தான். சொல்லியிருந்தால் அவனுக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னிக்குத் தோத்தா திங்கக்கிழமை என்னை விசிலை வாங்கிக்கச் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

பஸ் சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தது. பொம்பிலியு கண்ணாடி வழியாக இருவரையும் பார்த்துக்கொண்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"எல்லா தடவையும் சரின்னுதான் சொல்வீங்களா?"

"ஆமா சார். முடியாதுன்னா என்னையும் அனுப்பிருவாரு." ஜேலு ஈரத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "நான் சரின்னு சொன்னதுக்காக நீங்க தோத்துப் போகணும்னு ஒண்ணும் இல்லையே."

இந்த ஆளை அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா, கீழே தள்ளிக் கதவைச் சாத்துவதா என்று திபேரியுவுக்குப் புரியவில்லை. மூன்றுக்கும் காரணம் இருந்தது. அவன் முன்கண்ணாடியில் தெரிந்த சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, "எடுங்க" என்றான்.

பஸ் கீக் கீக் என்று கத்திக்கொண்டு பின்னால் நகர ஆரம்பித்தது. வெளியே சுவரோரம் நின்றவர்களில் இரண்டு பேர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். ஜேலு அவசரமாக எழுந்தார். வலிக்கிற முழங்காலையும் மடக்கி, இருக்கையின் மேல் மண்டியிட்டு, முதுகுச் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு, பஸ்சின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் வேலியும் மில்லும் மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"இப்படித் திரும்புங்க சார்" என்றார். "இப்படிப் பாத்தா முன்னாலதான் போகுது."

திபேரியு அசையவில்லை. ஜேலு சாய்மானத்தைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து, தலைமைப் பயிற்சியாளரின் தாடையைப் பிடித்து, மெல்லப் பின்கண்ணாடியின் பக்கமாகத் திருப்பினார்.